புள்ளிக்கு முன்பே நிலம் இருந்தது

நவீன ஓவியம் குறித்துத் தமிழில் எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை ஓவியத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஓவியத்தின் 'பொருள்' என்னவென்று கேட்டறிந்து எழுதப்பட்டவை. இலக்கியம் பயின்ற நமக்கு இது தொழிற்பழக்கம். எதைக் கண்டாலும் உரை எழுதிவிடுவோம்.

இப்பழக்கத்திற்குப் பெரிதும் பலியானவர் சையத் ஹைதர் ரஸா (1922-2016). அவர் பெயரைச் சொன்னதும் 'பிந்து' என்கிறோம். பிந்து என்றதும் தாந்திரிகம், பிரபஞ்ச மூலம், கீழைத்தேய ஞானம் என்று அடுக்குகிறோம். மேற்கே சென்று வழிதவறிய கலைஞன் ஒரு கரும்புள்ளியின் வழியாக வீடு திரும்பினான் என்று கதை முடிந்துவிடுகிறது. கதை வசதியானதுதான். ஆனால் ஓர் ஓவியனின் முப்பதாண்டு உழைப்பை அது விழுங்கிவிடுகிறது.

நாமும் இப்பிழையைச் செய்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் ரஸாவின் ஓவியம் ஒன்றைக் காட்டி, பிந்துவுக்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னோம். "ஐயா, புள்ளிக்குப் பொருள் சொல்லிவிட்டீர்கள். சுற்றியிருக்கும் சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டாள் ஒரு மாணவி. நம்மிடம் பதில் இல்லை.

பதில் காலவரிசையில் இருக்கிறது. ரஸா வனத்துறை அலுவலரின் மகன். இன்றைய மத்தியப் பிரதேசத்து மண்ட்லா பகுதியின் காடுகளுக்கிடையே வளர்ந்தவர். பம்பாயில் நீர்வண்ணத்தில் தெருக்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்தார். 1947இல் சூஸா, ஹுசைன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். 1948இல் காஷ்மீரில் அவர் படங்களைக் கண்ட புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன், அவற்றில் கட்டமைப்பு போதவில்லை என்றும் செசானைப் பயிலுமாறும் சொன்னார். 1950இல் ரஸா பாரிஸ் சென்றார்.

அங்கே முதலில் கட்டமைப்பைக் கற்றார். 1950களின் தொடக்கப் படங்களில் வீடுகள் செதுக்கிய கற்களாய் அடுக்கப்பட்டு நிற்கின்றன. பிறகு எண்ணெய் வண்ணத்தைத் தகட்டுக்கத்தியால் கனமாக அப்பத் தொடங்கியதும் அதே வீடுகளின் கோடுகள் நிறத்துக்குள் கரைகின்றன. 1956இல் பாரிஸ் விமர்சகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கற்பிக்கச் சென்றபோது ராத்கோ முதலியோரின் படைப்புகளை அறிந்தார். பின்னர் விரைவில் உலரும் அக்ரிலிக்குக்கு மாறினார். தூரிகையின் வேகம் கூடிற்று. 1970களில் வீடில்லை, மரமில்லை, பாதையில்லை. கரிய இருளுக்குள் சிவப்பும் காவியும் மஞ்சளும் எரிகின்றன. பிந்து அவர் படைப்பின் மையத்தைப் பிடித்தது அதற்கும் பிறகு, 1980ஐ ஒட்டித்தான்.

ஆக, அரூபத்தை நோக்கிய பயணத்தை நடத்தியது நிறம், குறியீடு அன்று. தத்துவம் பிந்தி வந்து சேர்ந்தது.

'ரஸாவே பிந்துவைப் பற்றி அப்படித்தானே பேசினார்? பள்ளி ஆசிரியர் சுவரில் இட்ட புள்ளியை நினைவுகூர்ந்தாரே?' என்பார்கள். உண்மைதான். கலைஞன் தன் முதுமையில் தரும் விளக்கம் மதிப்புக்குரியது. ஆனால் ஐம்பது வயதில் அவன் தீட்டிய திரைக்கு அது சாட்சியாகிவிடாது. கவிஞரின் முன்னுரையைக் கொண்டே கவிதையை மதிப்பிடக் கூடாது என்று மாணவருக்குக் கற்பிக்கும் நாம், ஓவியத்தின் முன் மட்டும் அந்த ஒழுக்கத்தைக் கைவிடுவானேன்?

1970களின் படங்களுக்கு அவர் இட்ட தலைப்புகளைப் பாருங்கள். 'ஜமீன்', பிரெஞ்சில் 'லா தேர்', 'ராஜஸ்தான்'. நம் வழக்கில் ஜமீன் என்றால் பெரிய மனிதரின் சொத்து; அவருக்கு அது மண். பிரிவினைக் காலத்தில் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றபோது செல்லாமல் நின்றவர், பின்னர் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்தவர் இந்தச் சொற்களைத் தலைப்பாக்குகிறார். அதை நிலத்தைக் கடந்த ஞானம் என்று வாசிப்பது, அவர் இழந்ததையும் விடாது பற்றியதையும் ஒருசேரத் துடைத்துவிடுவதாகும்.

நிலத்தை முதற்பொருள் என்றும் அதற்குரிய ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்த இலக்கணத்தைப் பயின்ற நமக்கு இது விளங்காமற் போனது வியப்பே. மரம், வீடு முதலிய கருப்பொருள்களை ரஸா ஒவ்வொன்றாக நீக்கினார். நிலமும் அதன் உணர்வும் நிறமாய் எஞ்சின. தொல்காப்பியம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் பார்க்கப் பழகுவதற்கு அது உதவினால் போதும்.

2023இல் அவருடைய 'ஜெஸ்டேஷன்' (1989) மும்பை ஏலத்தில் ரூ. 51.75 கோடிக்கு விற்றது. வட்டங்களும் முக்கோணங்களும் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. சந்தைக்கு அடையாளம் வேண்டும். பிற்காலப் படங்கள் சிலவற்றில் அந்த வடிவங்கள் சூத்திரமாக இறுகிவிட்டன என்பதே நம் எண்ணம். சந்தைக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. விமர்சனமும் அதே முத்திரையைத் தேடிச் செல்வதற்கு என்ன காரணம்?

ரஸா 2010இல் தில்லி திரும்பினார். 2016இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி மண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கடைசியாகக் கேட்டதும் நிலம்தான். அந்த மாணவிக்கு நாம் தரவேண்டிய பதில் இதுவே: சிவப்புக்குப் பொருள் தேடவேண்டாம் அம்மா, முதலில் அதைப் பார்.