கர்ப்பிணியின் குடத்தையும் சோதியுங்கள்

வங்கதேசத்தின் தென்மேற்கே, சுந்தரவனக் காட்டை ஒட்டிய குல்னா மாவட்டத்தில் தாக்கோப் என்றொரு வட்டாரம். சுற்றிலும் ஆறுகள், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. மழை ஓய்ந்து சில மாதங்களில் குளமும் குழாய்க்கிணறும் உப்புக்கரிக்கத் தொடங்கிவிடும். அதைத்தான் கர்ப்பிணிகளும் குடித்தாக வேண்டும்.

அவர்கள் எவ்வளவு உப்பைக் குடிக்கிறார்கள் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அனைரா கான் குழுவினர் கணக்கிட்டு 2011இல் வெளியிட்டனர். வறண்ட மாதங்களில் தண்ணீர் வழியாக மட்டுமே நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, உணவும் சேர்த்து, 2 கிராம்! குழம்பில் உப்பே போடாமல் சாப்பிட்டாலும் அந்த வரம்புக்குள் நிற்க முடியாது. மழைக்காலத்தில் சுமார் 5 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு இருந்த ரத்தக்கொதிப்பு, வறண்ட மாதங்களில் 12 சதவீதமானது. 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வில், தண்ணீரில் சோடியம் ஏற ஏற ரத்தக்கொதிப்புக்கும் வலிப்புக்குமான வாய்ப்பும் படிப்படியாக ஏறியது. லிட்டருக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் போன இடத்தில் அது ஐந்து மடங்கைத் தாண்டியது. கர்ப்பகால வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்தே பறிக்கக்கூடியது.

எதிர்வாதமும் உண்டு. லேசான உவர்நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று அதே கரையோரத்தில் நடந்த வேறோர் ஆய்வு காட்டியது. அப்படியானால் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? கர்ப்பிணிக்கு எடை பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்ற கேள்வியும் பரிசோதனை அட்டையில் ஏற வேண்டும். தண்ணீரின் உப்பைக் காட்டும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்; கிராமத்து சமுதாய மருத்துவ மையத்தில் அதை வைப்பதற்கு எந்த மாநாட்டின் தீர்மானமும் தேவையில்லை.

குடிப்பதோடு உப்பு நிற்பதில்லை. இறால் குஞ்சு பிடிக்கும் பெண்கள் இடுப்பளவு உவர்நீரில் மணிக்கணக்கில் வலை இழுக்கிறார்கள். மாதவிலக்குத் துணியை அலசுவதும் அதே நீரில்தான். புண்ணும் அரிப்பும் தாங்காமல் சிலர் கருத்தடை மாத்திரை விழுங்கி மாதவிலக்கையே தள்ளிப்போடுவதாகவும், சாத்கீரா பக்கம் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுவதாகவும் செய்திகள் வந்திருக்கின்றன. ரத்தக்கொதிப்புக்கு இருக்கும் அளவு உறுதியான ஆதாரம் இவற்றுக்கு இன்னும் திரளவில்லை. ஆனால் யாரும் எண்ணிப் பார்க்காத நோய்க்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? எண்ணிப் பார்த்த இடம் ஒன்று உண்டு: தென்கிழக்கே சகரியா. 2012 முதல் 2017 வரை நடந்த கண்காணிப்பில், கடலுக்கு அருகே தாழ்வான நிலத்தில் வாழ்ந்த பெண்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு மற்றவர்களைவிட 1.3 மடங்காக இருந்தது. குடிநீர் உப்புதான் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

இத்தனைக்கும் பருவநிலை மாற்றத்தை மட்டும் கைகாட்டுவது ஆட்சியாளர்களுக்கு வசதி. கடல் உயர்வது உண்மை. 2007இல் சிடர், 2009இல் ஐலா புயல்கள் குளங்களைக் கெடுத்ததும் உண்மை. 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் கோடையில் கங்கையின் நன்னீர் வரத்து குறைந்ததையும் மறைக்க முடியாது. அதில் இந்தியாவுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் உப்பைத் தடுக்க 1960களில் கட்டிய கரைகளை 1980கள் முதல் வெட்டித் திறந்து, இறாலுக்காக உவர்நீரை உள்ளே விட்டது கடலா? அதை எதிர்த்து ஊர்வலம் போன கருணாமயி சர்தார் 1990 நவம்பரில் குல்னாவின் ஹரிண்கோலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாகப்பட்டினக் கரைக்கு இந்தக் கதை புதிதல்ல. இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் கெட்டதை எதிர்த்து காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குட்டைகள் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தியது வேறு விஷயம்.

வங்கதேசத்தில் நிவாரணம் என்றால் வீட்டுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி. நல்லதுதான். 2,000 லிட்டர் தொட்டி, ஐந்து பேர், ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 200 நாள் ஓடும். வறண்ட காலத்தை ஒருவாறு கடந்துவிடலாம். குளிக்க, துணி அலச ஒரு சொட்டும் மிஞ்சாது. ஆகவே தொட்டியைக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று அரசு நகர்ந்துவிட முடியாது. குடியிருப்பையும் குளத்தையும் ஒட்டிய மதகுகளில் உவர்நீர் விடுவதை நிறுத்த வேண்டும். மீறும் பண்ணையின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். அந்த இறாலை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையை விசாரிக்கும் அக்கறையோடு பண்ணையை அடுத்த ஊரின் குடிநீரில் உப்பு எவ்வளவு என்றும் கேட்கட்டும்.