சட்டமும் நாமும்: கிணற்றடி எஞ்சின் யாருக்கு?

ஊர் நிலத்தை விற்க முற்படும் நம்மவர் பலர், பம்பு அறையில் துருவேறி நிற்கும் தந்தையாரின் ஆயில் எஞ்சினைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகின்றனர். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு கூறுவதோ வேறு. மாறான கருத்து வெளிப்படாதவரை, நிலத்தோடு பிணைந்தவை யாவும் வாங்கியவரையே சேரும். நிலத்தின் நிலையான பயனுக்கெனச் சிமெண்டு மேடையில் போல்ட்டு போட்டு முடுக்கிய எஞ்சினும் அவ்வாறே கருதப்படக்கூடும். ஆகவே, அதனைப் போற்றி வைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள், எஞ்சின் விற்பனையில் சேராது என்றும், இன்ன தேதிக்குள் எடுத்துச் செல்லப்படும் என்றும் கிரயப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி, பின்னர் வெளிமாநிலத்திலிருந்து ஊர் நீதிமன்றத்துக்கு அலையும் துன்பம் நமக்கு வேண்டா.