கண் மட்டும் சாட்சி

1975 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஒரு தூக்க ஆய்வறை. ஆலன் வொர்ஸ்லி என்பவர் தலையிலும் கண்ணோரத்திலும் கம்பிகள் ஒட்டியபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். கம்பிகளின் மறுமுனையில், ஓடும் காகிதச் சுருளில் பேனாக்கள் கோடு கிழித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணசைவைக் காட்டும் கோடு கன்னாபின்னாவென்று துள்ளுகிறது. கனவு காண்கிறவரின் கண் அப்படித்தான் துள்ளும். அந்தக் கிறுக்கலுக்கு நடுவே திடீரென்று ஓர் ஒழுங்கு. இடம், வலம், இடம், வலம் என்று பெரிய பெரிய அலைகள். கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளரும் வொர்ஸ்லியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட சைகை அது. ‘நான் காண்பது கனவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது’ என்று அதற்கு அர்த்தம். உடம்பு தூங்குகிறது. உள்ளே ஒருவர் விழித்திருக்கிறார். படுக்கும் முன் கொடுத்த வாக்கைக்கூட அவர் மறக்கவில்லை.

இந்த ஒரு முழக் காகிதம் வந்து சேர ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின. கனவுக்குள் இருந்துகொண்டே இது கனவு என்று தெரிந்துகொள்வதை, தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம், அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். உறங்குகிறவனுக்குள்ளேயே ஏதோ ஒன்று ‘இது வெறும் கனவு’ என்று சொல்வதுண்டு என்று எழுதிவைத்தார். கி.பி. 415 வாக்கில் புனித அகஸ்தீன் ஒரு கடிதத்தில் கார்த்தேஜ் நகர மருத்துவர் ஜெனாதியஸின் கதையைச் சொல்கிறார். கனவில் வந்த இளைஞன் மருத்துவரிடம் வழக்கறிஞரைப்போல் குறுக்கு விசாரணை செய்கிறான். உன் உடம்பு இப்போது எங்கே இருக்கிறது? கட்டிலில். கண்கள்? மூடியிருக்கின்றன. அப்படியானால் என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறாய்? மருத்துவரிடம் பதில் இல்லை. அகஸ்தீனுக்கு அது மரணத்துக்குப் பிந்தைய வாழ்வுக்கு ஆதாரம். எனக்கென்னவோ அந்தக் கேள்வி ஹல் ஆய்வறைக்கே போய்ச் சேரவேண்டியது என்று தோன்றுகிறது.

நம் மரபிலும் இதற்கு இடம் உண்டு, வேறு வகையில். சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை ஐந்தவத்தை என்று பிரிக்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். கனவை நனவோடு ஒரே ஏணியில் இன்னொரு படியாக வைத்துப் பார்த்த சிந்தனை அது. ஆனால் படிகளில் நிற்கும் உயிரைப் பற்றித்தான் அங்கே விசாரணை. கனவுக் காட்சியை மாற்றியமைக்கும் ஆசை இல்லை. திபெத்தியர் அதையும் செய்தார்கள். நாரோபாவின் ஆறு யோகங்களை 11ஆம் நூற்றாண்டில் மார்பா இமயத்துக்கு அப்பால் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று கனவு யோகம். கனவில் நெருப்பைக் கண்டால் நீராக்கு, சிறியதைப் பெரிதாக்கு, ஒன்றைப் பலவாக்கு என்று பயிற்சி. பறந்து மகிழ்வதற்காக அல்ல. இரவில் இவ்வளவு எளிதாக உருமாறும் காட்சி பொய் என்றால் பகலில் காண்பது எவ்வளவு மெய் என்று யோசிக்க வைப்பதற்காக.

சாமியார்களிடமிருந்து இந்த விஷயத்தைப் பிடுங்கி நோட்டுப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு மார்க்கி. ஹெர்வே த சான்-தெனி, 1822இல் பிறந்தவர். பிற்காலத்தில் பாரிஸின் கொலேஜ் த பிரான்சில் சீனமொழிப் பேராசிரியர். தாங் காலக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்தவர். 13 வயதில் கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். 22 நோட்டுகள், 1,946 இரவுகள். எழுத எழுதக் கனவுகள் நன்றாக நினைவில் தங்கின. பிறகு, கனவை எழுதுவதாகவே ஒரு கனவு வந்தது. அங்கிருந்துதான் தெளிவு தொடங்கியது. 1867இல் ‘கனவுகளும் அவற்றை நடத்தும் வழிகளும்’ என்ற பொருள்படும் நூலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். அது அவ்வளவு சுலபத்தில் கிடைக்கவில்லை. எவ்வளவோ முயன்றும் கைக்கு வரவில்லை என்று ஃபிராய்டே குறைப்பட்டிருக்கிறார்.

அந்த மனிதரின் சோதனைகள் வேடிக்கையானவை. தென் பிரான்சின் விவாரே மலைப்பகுதிக்குப் போகும்போது ஒரு வாசனைத் திரவியத்தை வாங்கி, அங்கே இருந்தவரை அதையே கைக்குட்டையில் தடவிக்கொண்டார். ஊர் திரும்பியதும் புட்டியை மூடிவிட்டார். மாதங்கள் கழித்து, தனக்குத் தெரியாமல் ஏதோ ஓர் இரவில் தலையணையில் சில சொட்டு விடும்படி வேலைக்காரருக்கு உத்தரவு. அந்த இரவு கனவில் விவாரே மலைகள் வந்து நின்றன. இன்னொரு முறை, நடன விருந்தில் குறிப்பிட்ட இரு பெண்களோடு ஆடும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட மெட்டு என்று வாத்தியக் குழுத் தலைவரிடம் ஏற்பாடு செய்துகொண்டார். பின்னால் இசைப்பெட்டியைக் கடிகாரத்தோடு பிணைத்து, தூங்கும்போது அந்த மெட்டை ஒலிக்கச் செய்தார். மெட்டுக்கு உரியவர் கனவில் வந்தார். ஆனால் நடன உடையில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

இவ்வளவு பிடிப்பு வந்தபின் மார்க்கிக்கு ஒரு சந்தேகம். கனவில் செத்துப் பார்க்க முடியுமா? தெளிகனவு ஒன்றில் உயரமான இடத்திலிருந்து குதித்தார். விழுந்து நொறுங்கவேண்டிய நொடியில் காட்சி மாறிவிட்டது. ஒரு தேவாலயத்தின் முன் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் கோபுரத்திலிருந்து குதித்துவிட்டாராம். உடலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தெளிகனவைப் பற்றி எழுதப்பட்டதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குதிக்கும்வரை அதிகாரம் அவர் கையில். குதித்த பிறகு வேறு யாரோ கதையை எழுதுகிறார்கள்.

நெதர்லாந்தின் ஃபிரெடரிக் வான் ஈடன் இதே சுவரில் வேறு இடத்தில் முட்டினார். மனநல மருத்துவர், எழுத்தாளர், தாகூரை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவர். 1898 ஜனவரி 20 முதல் 1912 டிசம்பர் 26 வரை 352 தெளிகனவுகளைக் குறித்துவைத்தார். 1913இல் லண்டனில் உள்ள ஆவி ஆய்வுக் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை இந்த அனுபவத்துக்கு வைத்தவர் அவர்தான். ஒரு கனவில் மேசைமேல் இருந்த கண்ணாடிக் கோப்பையை முழு பலத்தோடு குத்தினார். உடையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது. உத்தரவு மேலிடத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வரத் தாமதமானதுபோல. உடைந்ததை ஜன்னல் வழியாக எறிந்தார், சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. கேட்டது, அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாய்கள் மிரண்டு ஓடின. பிறகு அங்கிருந்த ஒயினைச் சுவைத்து, ஒயின் சுவை சரியாகவே இருக்கிறது என்று ஒரு மருத்துவரின் நிதானத்தோடு மனதில் குறித்துக்கொண்டார். உடைத்தது நேரத்துக்கு உடையவில்லை, யாரும் கேட்காத நாய்கள் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டன.

ஹேர்ன் பிற்காலத்தில் தெளிகனவாளர்களைக் கனவில் விளக்குச் சுவிட்சைப் போடச் சொன்னார். பெரும்பாலோருக்கு விளக்கு எரியவில்லை. (சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியாவிட்டால் அது கனவு என்ற இந்தச் சோதனை, மின்வெட்டு பார்த்த நம்மவர்களுக்கு உதவாது.)

இத்தனை குறிப்பேடுகள் இருந்தும் உலகம் ஏன் நம்பவில்லை? சாட்சி இல்லை. காலையில் எழுந்து சொல்கிறவர் சொல்வதுதான் ஆதாரம். அமெரிக்கத் தத்துவவாதி நார்மன் மால்கம் 1959இல் எழுதிய நூலில், தூக்கத்தில் ஒருவர் ஒன்றை அறிந்து தீர்மானிக்கிறார் என்பதே முரண்பாடு என்று வாதிட்டார். ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1953இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அலையும் கட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைக் கட்டிப்போடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடுவார். அந்தக் கட்டு அவிழும் முன் மனம் மட்டும் விழித்துக்கொண்டால் வருவதுதான் நம்மூரில் ‘அமுக்குவான் பேய்’. கட்டுக்கு அடங்காதவை மூச்சும் கண்ணும். அதனால்தான் வொர்ஸ்லி கண்ணால் பேசினார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டடைந்து 1981இல் ஆய்விதழில் பதிப்பித்தார். கனவில் பத்து வரை எண்ணச் சொல்லித் தொடக்கத்திலும் முடிவிலும் சைகை கேட்டார். கனவின் பத்து நொடி ஏறக்குறைய நனவின் பத்து நொடியாகவே இருந்தது.

கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். லபெர்ஜின் முறை எளிது. ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுபடுத்தி, அடுத்த கனவில் இது கனவு என்று கண்டுகொள்வேன் என்று மனத்தில் ஊன்றிக்கொண்டு மறுபடி படுப்பது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுக் கட்டங்கள் நீளும் என்பதால் அந்த நேரம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதில் பங்கு இருக்கலாம். அந்நேரக் கனவுதானே எழுந்ததும் நினைவில் நிற்கிறது. பகலில் அவ்வப்போது மூக்கைப் பிடித்து மூச்சுவிட்டுப் பார்ப்பதும் பழக்கத்தில் உண்டு. கனவில் பிடித்த மூக்கிலும் மூச்சு வரும்.

நானும் ஒரு மார்கழியில் அலாரம் வைத்துச் செய்து பார்த்தேன். பதினோராம் நாள் கனவில் மொட்டைமாடியில் நின்றபோது மூக்கைப் பிடித்தேன், மூச்சு வந்தது. அந்தக் குதூகலத்திலேயே விழித்துவிட்டேன். விளக்கைப் போட்டு, தலைமாட்டு நோட்டில் ஒன்று விடாமல் எழுதினேன். அப்புறம் நிஜமாகவே விழித்தேன். நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. வீட்டில் சொன்னபோது, “நாலு மணிக்கு எழுப்பிவிட்டதுதான் மிச்சம்” என்று பதில் வந்தது. அதை மறுக்க முடியவில்லை. கனவுக்காகத் தூக்கத்தைத் துண்டாடுவது இலவசம் அல்ல. மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இந்த விளையாட்டுக்கு வராமலிருப்பது நல்லது.

கனவை ஆளலாம் என்று விற்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். இந்த வியாபாரத்துக்கு ஒரு புராணமே உண்டு. மலாயாக் காடுகளில் வாழும் செனாய் மக்கள் காலைச் சாப்பாட்டின்போது குழந்தைகளின் கனவைக் கேட்டு, கனவில் புலி வந்தால் எதிர்த்து நில் என்று பழக்குகிறார்கள், அதனால் அவர்களிடம் குற்றமும் மனநோயும் இல்லை என்று கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் எழுதினார். 1960களின் கலிஃபோர்னியா அதை அப்படியே விழுங்கியது. 1985இல் வில்லியம் டோம்ஹாஃப் ஆராய்ந்து பார்த்து, செனாய் மக்களிடம் அப்படியொரு வழக்கமே இல்லை என்று காட்டினார். அதற்குப் பிறகு கண்மேல் சிவப்பு விளக்கு மின்னும் முகமூடிகள் வந்தன. அல்சைமர் மருந்தான கேலன்டமினில் 8 மில்லிகிராமை நள்ளிரவு கழித்துக் கொடுத்தபோது 42 சதவீதத்தினருக்குத் தெளிகனவு வந்ததாக 2018 ஆய்வு ஒன்று சொன்னது. போலி மாத்திரையில் 14 சதவீதம். எல்லாம் வாசல்வரை கூட்டிப்போகும். உள்ளே போனபின் கோப்பை தன் இஷ்டத்துக்குத்தான் உடையும்.

2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் 36 பேரைத் தூங்க வைத்து, கனவுக்குள்ளேயே கேள்வி அனுப்பின. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? தூங்குகிறவரின் கண்கள் இடமும் வலமுமாக இரண்டு முறை அசைந்தன. 158 முறை கேட்டதில் சரியான பதில் 18.4 சதவீதம், பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஒருவருக்குக் கேள்வி கனவில் கார் வானொலியிலிருந்து வந்ததாகக் கேட்டிருக்கிறது. விழித்தபின் என்ன கேட்டோம் என்று விசாரித்தபோது, சிலர் கேட்காத கணக்கு ஒன்றைச் சொன்னார்கள். கண் சரியான விடையைச் சொல்லியிருந்தது. வாய்தான் கேள்வியை மாற்றிச் சொன்னது.