பீடத்தை இடித்தவரின் வம்சம்

போன மாதம் எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடந்தது. விக்கிரகங்களை விலக்கிச் சத்தியத்தைத் தேடுவது என்று தலைப்புக் கொடுத்து, எழுபத்தைந்து வயதான என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளைகள் முன்னால் சொல்லத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. என் தாத்தாவின் தாத்தாதான் எங்கள் வம்சத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர். தன் வீட்டுக் கொல்லையில் இருந்த மண் பீடத்தைத் தன் கையாலேயே மண்வெட்டி எடுத்து இடித்தாராம். சொந்தக்காரர்கள் தண்ணீர் எடுக்க விடவில்லையாம். பனையேற மரம் கொடுக்கவில்லையாம். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குப் போனாராம். திருநெல்வேலிச் சீமையில் இப்படிப்பட்ட கதை பல குடும்பங்களில் இருக்கும். துன்பப்பட்ட விசுவாசிகளுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய முதல் ஊர் என்பதால்தான் 1799-ல் உண்டான ஊருக்கு முதலூர் என்றே பெயர் வந்தது. அதற்குப் பின்னால் அப்படி எத்தனையோ ஊர்கள்.

இந்தக் கதையை நான் நூறு மேடையில் சொல்லியிருப்பேன். ஸ்தோத்திரப் பண்டிகையில், ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில், பிள்ளைகளுக்குத் தூங்கும்முன் என்று சொல்லாத இடம் கிடையாது. சொல்லும்போது அந்த மண்வெட்டி என் கையில் இருந்ததுபோல ஒரு பெருமை.

2008-ல் என் இளைய மகள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஊருக்கு வந்தவள், அங்கே அவள் போகிற சபையில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பள்ளி ஆசிரியர். நல்ல விசுவாசி, குடி, சிகரெட் எதுவும் கிடையாது, தகப்பனார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டவுடன் எனக்கு வேறொரு கேள்விதான் வந்தது. அதை நான் கேட்கவில்லை. என் மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது. அவர்கள் நம் ஆட்கள் இல்லை.

நம் ஆட்கள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். என் சாதிப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், இவர் மேலே, அவர் கீழே என்று உங்கள் மனசும் என் மனசும் உடனே ஒரு ஏணியை எடுத்துச் சாத்திவிடும்.

மகளிடம் நான் மூன்று காரணம் சொன்னேன். பையனுக்குச் சம்பளம் போதாது. அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன் தலையில் விழும். சென்னையிலேயே தங்கிவிட்டால் வயசான காலத்தில் எங்களை யார் பார்ப்பது? இரண்டு மாதத்தில் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், "அப்பா, உண்மையான காரணத்தைச் சொல்லுங்க. அதுக்கும் பதில் சொல்றேன்" என்றாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். "உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்" என்று படியில் நின்றுகொண்டு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அது பொய். அவள் நன்மையை நான் நினைக்கவே இல்லை. என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் எந்த வரிசையில் என்னை உட்கார வைப்பார்கள், மூத்த மகனின் மாமனார் என்ன பேசுவார், சபையில் என் பின்னால் நிற்கிறவர்கள் என்ன கிசுகிசுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மகளின் வாழ்க்கை ஒரு தட்டில், என் மரியாதை ஒரு தட்டில். என் தட்டுதான் கனத்தது.

2009-ல் சென்னையில் ஒரு ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. மனைவியும் மகனும் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஆலயத்தில் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போனது என் மைத்துனர். அந்த நாள் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிருபம் வாசிக்கிற முறை என்னுடையது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். எத்தனையோ தடவை படித்த பகுதிதான். அன்றைக்குப் பாதியில் எனக்குக் குரல் அடைத்தது. பேதுருவுக்குத் தெரியாததா? கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய், தேவன் பட்சபாதம் உள்ளவர் இல்லை என்று பிரசங்கித்தவரே அவர்தானே. அவருடைய உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று பந்தியிலிருந்து எழுந்துவிட்டார், அவ்வளவுதான். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதுதான் பவுலின் குற்றச்சாட்டு. சத்தியம் என்பது மனப்பாடம் செய்கிற விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதிலும் அது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்றைக்கு நற்கருணை ஆராதனை. பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். எனக்கு இடப்பக்கம், என் பள்ளியில் இருபது வருடம் என்னோடு வேலை பார்த்த பியூன். அவர் குடித்த அதே பாத்திரம் அடுத்து என் உதட்டுக்கு வந்தது. அவர் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் காபி கொடுத்திருக்கிறோம். மற்றவர்களுக்குப் பீங்கான். தற்செயல், தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட வருடங்கள் எத்தனை! ஆலயத்தில் ஒரே பாத்திரம், வீட்டில் இரண்டு.

இது புது வியாதி இல்லை. 1833-ல் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனியாக உட்காருவதும், நற்கருணைக்கு முன்னால் யார் போவது, பின்னால் யார் போவது என்பதும் அன்றைக்குப் பெரிய பிரச்சினை. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே விலகினார்கள். சாதி சமூக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர்கள் வாதம். நம் மாவட்டத்திலேயே வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பகுதியாக உட்கார வைத்திருந்ததும், தடுப்பை நீக்கியபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனதும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதை நான் சம்பளம், அம்மாவின் உடல்நலம், தூரம் என்று துணி போர்த்திச் சொன்னேன்.

வேதாகமத்தில் இன்னொரு சம்பவம் என்னை விடாமல் துரத்துகிறது. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்கும்படி, கர்த்தர் சொல்லித்தான் மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தார். நல்ல பொருள், உயிர் காத்த பொருள். ஆனால் பல நூறு வருடம் கழித்து இஸ்ரவேலர் அதற்கே தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா வந்து அதை உடைத்துப் போட்டார். என் தாத்தாவின் தாத்தாவுடைய கதையும் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. அவர் பீடத்தை இடித்தார். அவர் இடித்த கதையையே நான் பீடமாகக் கட்டி, மேலே என் வம்சத்தை உட்கார வைத்துவிட்டேன். ஊரையும் உறவையும் இழக்கத் துணிந்தவரின் பெயரைச் சொல்லியே, உறவுக்குப் பயந்து மகளை இழந்தேன்.

விக்கிரகம் என்றதும் நம்மில் பலருக்கு அடுத்த வீட்டுக்காரர் கும்பிடுவதுதான் ஞாபகம் வருகிறது. அவர் வழிபாட்டை விமரிசிப்பது என் வேலை இல்லை. வேதத்தில் தீர்க்கதரிசிகள் விக்கிரகத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியதெல்லாம் பெரும்பாலும் தங்கள் சொந்த ஜனங்களிடம்தான். நாமும் நம் வீட்டுக்குள் பார்ப்பதே முறை. பொருளாசையைக்கூடப் பவுல் விக்கிரகாராதனை என்றுதான் எழுதினார். எதை இழக்கப் பயந்து நாம் பொய் சொல்கிறோமோ, அதுதான் நம் விக்கிரகம். இது என் அனுபவத்தில் கண்ட அடையாளம்.

அந்த வாரமே நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துச் சென்னைக்குப் போனேன். மகள் கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே கூப்பிட்டாள். மாலையில் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "ஐயா, கல்யாணத்துக்கு வராததற்கு எனக்குக் காய்ச்சல் காரணம் இல்லை. சாதிதான் காரணம். நான் செய்தது பாவம்" என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும் சார். காபி ஆறிடும், குடிங்க" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஒன்றரை வருடம் என்னை சார் என்றே கூப்பிட்டார். என் பக்கத்து உறவில் இரண்டு வீட்டார் அழைப்பிதழ் அனுப்புவதை நிறுத்தினார்கள். மனந்திரும்பினால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வயதுப் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை கொண்டுவருகிற எல்லா வரனுக்கும் சரி சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. பையனின் குணத்தை விசாரியுங்கள், குடிப்பழக்கத்தை விசாரியுங்கள், அது பெற்றோரின் கடமை. ஆனால் மறுக்கிற காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். சாதி என்றால் சாதி என்று, ஜெபம் பண்ணுகிற அதே வாயால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். காதில் விழும்போது நமக்கே கூசும். திருமண விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோமே, அந்த இரண்டாவது சொல்லை ஆண்டவர் முன்னால் வாசித்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும் என்பது என் கருத்து. பெயர் சொல்லாத விக்கிரகத்தை யாராலும் இடிக்க முடியாது.

போன வருடம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். படுக்கும்போது, பீடத்தை இடித்த தாத்தா கதையைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். முடிந்ததும், "நீங்க எதையாவது இடிச்சிருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டான். கதவோரம் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "லேட்டாதான் ஆரம்பிச்சேன்டா, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாலிபர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், இதையே அங்கேயும் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.