கேபின் பையா, செக்-இன் பையா? 7 கிலோவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு இரண்டு நாள் வேலையாகப் பறப்பவர்கள் பலரும் ஒரு சின்ன டிராலி, ஒரு லேப்டாப் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். பெட்டியைக் கவுன்டரில் போட்டால் அங்கே ஒரு வரிசை, இறங்கியதும் பெல்ட் முன்னால் காத்திருப்பு. கையிலேயே வைத்திருந்தால் நேராக வெளியே வந்து கேப் பிடிக்கலாம். நேரம் மிச்சம்தான். ஆனால், இதில் விதி, பணம், பாதுகாப்பு என இன்னும் மூன்று கணக்குகள் இருக்கின்றன.

விதி என்ன சொல்கிறது?

உள்நாட்டு எகானமி வகுப்பில் பெரும்பாலான நிறுவனங்கள் கேபினுக்கு 7 கிலோ, செக்-இன்னுக்கு 15 கிலோ அனுமதிக்கின்றன. எடை விமான நிறுவனத்தின் விதி. ஆனால், 'கையில் ஒரே பை' என்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விதி. லேப்டாப் பை, பெண்களின் கைப்பை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2000-லேயே வந்த இந்த உத்தரவை, 2022 ஜனவரியில் கறாராக அமல்படுத்தச் சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று பை வந்தால் எக்ஸ்-ரே வரிசை நகராது என்பதுதான் காரணம்.

180 பேர் அமரும் விமானத்தில் எல்லோரும் டிராலியோடு ஏறினால், தலைக்கு மேலே உள்ள பெட்டியில் இடம் போதாது. தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களில் இடம் இன்னும் குறைவு. கடைசியாக வருபவரின் டிராலியை வாசலிலேயே வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்புவது சகஜம்.

பெட்டி இல்லாவிட்டால் டிக்கெட் மலிவா?

செக்-இன் பை இல்லாத பயணிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள, 2021 பிப்ரவரியில் டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் லைட்' கட்டணம் இந்த வகைதான். இதில் ஒரு நிபந்தனை உண்டு: பயணி மனம் மாறி கவுன்டரில் பெட்டியைக் கொடுத்தால் எவ்வளவு கட்டணம் என்பதை, டிக்கெட் எடுக்கும்போதே காட்ட வேண்டும்; டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும்.

அந்த வரியைப் பலர் படிப்பதே இல்லை. விமான நிலையத்தில் கூடுதல் எடைக்கு கிலோவுக்குப் பல நூறு ரூபாய் கேட்பார்கள். போகும்போது 7 கிலோ சரி. வரும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் பலகாரம், கருவாடு எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பிடித்த பணம் கவுன்டரிலேயே கரைந்துவிடும். திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் முன்கூட்டியே எடை வாங்கிவைத்தால் செலவு குறையும்.

பவர் பேங்க் ஏன் கையில்தான் இருக்க வேண்டும்?

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், கேபினில் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கு அறையில் யாரும் எட்ட முடியாது. அதனால்தான் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் ஹவர் வரை அனுமதி. 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் கிடையாது. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர்தான் என்பதால் பிரச்சினை இல்லை.

கேபினுக்குள்ளும் கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. எல்லோரும் உயிர்தப்பினர். மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். அதன் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்றவை பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தன. எனவே வாசலில் டிராலியை வாங்கும்போது, உள்ளே இருக்கும் பவர் பேங்கை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

தேங்காய் கதை இதற்கு நேர்மாறு. கேபினில் தேங்காய்க்கு அனுமதி இல்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காக 2024 அக்டோபரில் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தி, 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள்.

பெட்டி தொலைந்தால்?

உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ, நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 2,000 டாலர். இது உச்சவரம்புதான், அப்படியே கையில் வந்துவிடாது. நகை, பணம், லேப்டாப் போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதிவிடுகின்றன. மருந்து, சான்றிதழ், பாஸ்போர்ட்டும் கையில் இருப்பதே நல்லது.

பெல்ட் காத்திருப்புக்கும் வரம்பு உண்டு. கடைசிப் பெட்டி 30 நிமிடங்களுக்குள் வந்துவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. பெட்டி வரவில்லை என்றால் அல்லது உடைந்து வந்தால், வெளியே போவதற்கு முன்பே பேக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள்தான் எழுத்துப்பூர்வப் புகாருக்கு அவகாசம்.

அவசரத்தில் பை வேண்டாம்

2024 ஜனவரி 2-ல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. காவல்படை விமானத்தில் 5 பேர் இறந்தனர். ஆனால், பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். பைகளை விட்டுவிட்டு இறங்குங்கள் என்ற ஊழியர்களின் சொல்லைப் பயணிகள் கேட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேல் பெட்டியைத் திறக்க ஒருவர் நின்றால், பின்னால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

ஆக, இரண்டு நாள் பயணம், 7 கிலோவுக்குள் துணி என்றால் கேபின் பையே போதும். குழந்தை, ஊறுகாய், கத்தி, கல்யாணப் பட்டு என்று போனால், 15 கிலோவை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுவது லாபம். எதுவானாலும் வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.