தோழர்களே, அறுந்த வலையோடு வாருங்கள்!

நெடுந்தீவுத் தோழர்களே! அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவுத் தோழர்களே! கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வாருங்கள். இன்றைக்கே வாருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாளை விடியுமுன் இன்னொருவரின் வலை போய்விடும்.

திங்கள், புதன், சனி. இந்த மூன்று நாளும் எங்களுக்கு மனப்பாடம். அக்கரையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, இழுவைமடிகள் இறங்கும் நாட்கள். எங்கள் கடலில் அவர்கள் மடி இழுக்கிறார்கள். நாங்கள் வள்ளத்தைக் கட்டிவிட்டுக் கரையில் நிற்கிறோம். கடன்பட்டு வாங்கிய வலையை விட்டால் விடியும்போது மிதப்புக்கூட மிஞ்சாது. விடாமல் இருந்தால் அடுப்பு எரியாது. இன்னும் எத்தனை கிழமை இப்படி நிற்போம்?

சட்டம் இருக்கிறது தோழர்களே! 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தது. 2018இல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை உயர்த்தியது. சும்மா வந்ததா அது? வடக்கின் சங்கங்கள் கேட்டன. திரும்பத் திரும்பக் கேட்டன. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் அக்கரை மீனவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டன. நாங்கள் கேட்பதை நிறுத்தினால் அந்தச் சட்டம் கடதாசியிலேயே கிடக்கும்.

ஊருக்கு ஒரு சங்கம். அதற்கு மேலே சமாசம். அதற்கும் மேலே மாவட்டச் சம்மேளனம். கடற்றொழில் திணைக்களத்திலும் அமைச்சரிடமும் எங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? நாங்கள் எழுதிக் கொடுத்தது இருக்கும். எழுதாவிட்டால் வெறுங்கை! எந்த இரவு, எந்த இடம், எத்தனை வலை, என்ன விலை. எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள். முறைப்பாடு இல்லாத இழப்பை எந்த அதிகாரியும் இழப்பென்று எடுக்கமாட்டார். வாய் மூடிய தீவில் எல்லாம் சுகம் என்றுதான் எழுதிவைப்பார்கள்.

சமாசக் கூட்டம் யாழ்ப்பாணத்தில் நடக்கிறது. எங்களுக்கு நடுவில் கடல் கிடக்கிறது. இறங்குதுறைக்குப் படகு, அங்கிருந்து பஸ், ஒரு நாள் உழைப்பு நட்டம். தெரியும். அதனால்தான் சொல்கிறோம், ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள். போகிறவரின் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். அன்றைய மீனில் அவருக்கும் பங்கு வையுங்கள். சமாசக் கூட்டத்தைத் தீவிலும் வையுங்கள் என்று கேளுங்கள். உரத்துக் கேளுங்கள். சந்தா கட்டுகிறோம், கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது!

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். எங்கள் கரையிலிருந்து போகும் இழுவைமடியும் இழுவைமடிதான். சொந்தக்காரன் என்று விடாதீர்கள். அதற்கு வாய் மூடினால் அக்கரையைப் பார்த்துப் பேச எங்களுக்கு முகம் இராது. அக்கரை நாட்டுப்படகுத் தொழிலாளியின் வயிற்றிலும் இதே மடிதான் அடிக்கிறது. அவர்களும் எங்கள் தோழர்களே.

பயமா? பகைக்குப் பயமா? கடன்காரனுக்குப் பயமா? ஒருவர் எழுந்தால் பயம். நாலு தீவும் எழுந்தால் யாருக்குப் பயம்?

வாருங்கள் தோழர்களே! வலையில் நண்டு கழற்றும் அக்காமாரே, நீங்களும் வாருங்கள். உங்கள் கூலியும் அந்த வலையோடுதான் போகிறது. அறுந்த வலையைக் கொண்டுவாருங்கள். வலை வாங்கிய பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வையுங்கள். அடுத்த படகில் அது யாழ்ப்பாணம் போகவேண்டும்!