ஊசிக்கு மசியாத மடிநோய்

சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழை விட்ட பிறகும் மாட்டுக்கொட்டகைகளில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். சாணியும் தேங்கிய நீருமாகக் கிடக்கும் அத்தகைய இடங்களில் வாழக்கூடியது புரோட்டோதீக்கா. இது ஒரு பாசி. ஆனால் பச்சையம் இழந்தது. காம்புத்துளை வழியே மடிக்குள் ஏறிவிட்டால் பால் நீர்த்துத் திரிதிரியாகிறது, கறவை குறைகிறது. பசுவின் மடிநோய்க்கு இது காரணமாவதை 1952இல் ஜெர்மனியில் முதலில் பதிவுசெய்தார்கள். எழுபது ஆண்டுகள் கடந்தும் நம்பகமான மருந்து இல்லை.

காரணம் எளிது. ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவுக்கு எதிரானவை. பாசியின் செல்லோ பசுவின் செல்லுக்கு நெருங்கிய அமைப்புடையது. ஆம்போடெரிசின்-பி போன்ற பூஞ்சை மருந்துகள் ஆய்வகத் தட்டில் அதைக் கொல்கின்றன. மடிக்குள் அந்த வெற்றி கிடைப்பதில்லை, செலவும் கட்டாது. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பற்றுக்கு மடிநோயில் நல்ல பெயர் உண்டு; அதற்காக இந்தப் பாசியையும் அது ஒழித்துவிடும் என்று சொல்வது அவசரம்.

மருந்து தேடும் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும்தான். அதைவிட முதலில் வேண்டியது பால் பரிசோதனை. எது கிருமி என்று பார்க்காமலே ஊசிமேல் ஊசி போடுவது பணத்துக்கும் கேடு, பாலில் மருந்து எச்சமும் சேரும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனையுங்கள், நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறங்கள். இரண்டாவது ஊசிக்கும் மடி கேட்கவில்லையா? மூன்றாவதற்கு முன் பால் மாதிரியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.